எத்தனை முறை கெடும்? எத்தனை நாள் நிற்கும்?

சென்ற பொங்கலுக்குச் சத்தியவேடு போயிருந்தேன். என் தங்கை குடும்பம் அங்கே பக்கத்துக் கிராமத்தில் கத்தரி, வெண்டை பயிரிடுகிறது. சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் தங்கை மகன் நான்கு கம்பெனிகளின் விலைத்தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "மாமா, நீங்க ரயில்வேல வண்டியோடவே இருந்தவங்க. இதுல எந்தப் பிக்கப் கெடாதுன்னு சொல்லுங்க. அதையே வாங்கிடறேன்" என்றான்.

"கெடாத வண்டியை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்லையேப்பா" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

அவன் கவலை நியாயமானதுதான். முந்தின கோடையில் அவனுடைய பழைய வண்டி நடு இரவில், முழு லோடுடன், பெரியபாளையம் தாண்டி என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துக் கோயம்பேடு போய்ச் சேர்ந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வாடிய காய்க்குக் கிடைத்த பணம் வண்டி வாடகைக்கே சரியாகப் போயிற்று. இப்போது புது வண்டிக்கு முன்பணம் கட்டத் தங்கை தன் நகையை அடகு வைக்கச் சம்மதித்திருந்தாள். மீதிக்குக் கடன். வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதா மாதம் ஐந்தாம் தேதி தவணை கட்டியாக வேண்டும்.

நம் அன்பர்களில் பலர், ஊரில் இருக்கும் தம்பிக்கோ மைத்துனனுக்கோ இப்படி ஒரு வண்டி வாங்கப் பணம் கொடுத்து உதவுகிறவர்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் அன்று திண்ணையில் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

ஊரும் பாதையும்

வண்டியைப் பார்க்குமுன் அது போகும் பாதையைப் பார்க்க வேண்டும். சத்தியவேடு, 1960 ஏப்ரல் 1 அன்று நடந்த எல்லை மாற்றத்தில் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போன பகுதி. அதுவரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, பிறகு சித்தூர் மாவட்டமாயிற்று, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் சந்தை மாறவில்லை. காய் ஏற்றிய வண்டி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம் வழியாகச் சென்னைக்குத்தான் போகிறது. 1996இல் கோயம்பேடு மார்க்கெட் திறந்ததிலிருந்து இரவில் ஏற்றி விடியுமுன் இறக்குவதே வழக்கம். ஆக, என் மருமகனின் வண்டி இரவில், ஏறக்குறைய 70 கிலோமீட்டர், அழுகும் சரக்குடன், ஒரு மாநில எல்லையைத் தாண்டி ஓட வேண்டிய வண்டி. இதே வண்டியைக் கிராமத்துக்குக் கிராமம் நின்று நின்று பால் எடுப்பவர் வாங்கினால் அவருக்கு வரும் கோளாறுகள் வேறு.

ரயில்வே கற்றுக்கொடுத்த பாடம்

1980களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நான்கு சக்கரச் சரக்கு வேகன்கள் ஏராளமாக ஓடின. அவற்றின் அச்சுப் பெட்டிகளில் எண்ணெயில் ஊறிய திணிப்பு வைத்த பழைய பேரிங்குகள் இருந்தன. எண்ணெய் வற்றினால் அச்சு சூடேறும், புகையும். ரயில் நின்றதும் பரிசோதகர் ஒவ்வொரு அச்சுப் பெட்டியிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடப்பார். சூடாக இருந்தால் அந்த வேகனைக் கழற்றி 'சிக் லைன்' என்ற தனித் தண்டவாளத்தில் தள்ளிவிடுவோம். அங்கேயே சரிசெய்யக்கூடிய கோளாறுகள்தான் பெரும்பாலும்.

பிறகு பாக்ஸ்-என் வேகன்கள் வந்தன. அவற்றில் மூடி முத்திரையிட்ட ரோலர் பேரிங். அச்சு சூடேறுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பேரிங் போய்விட்டால் எண்ணெய் ஊற்றிச் சமாளிக்க முடியாது. அச்சோடு சேர்த்துச் சக்கரங்களையே மாற்றி, பழையதை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். அதனால் மாற்றுச் சக்கரங்களை டிப்போக்களில் தயாராக வைக்கும் ஏற்பாட்டையும் ரயில்வே சேர்த்தே செய்தது. அந்த ஏற்பாடு இல்லாமல் பேரிங்கை மட்டும் வாங்கியிருந்தால், அபூர்வமாகக் கெட்டு வாரக்கணக்கில் நிற்கும் வேகன்கள்தான் மிஞ்சியிருக்கும்.

இன்றைய பிக்கப் வண்டிகளின் கதையும் இதுவே.

ஒரு சின்னக் கணக்கு

ஆண்டுக்கு 300 நாள் ஓட வேண்டிய இரண்டு வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி ஆண்டுக்கு நான்கு முறை கெடுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு நாளில் சரியாகிவிடுகிறது. நின்ற நாள் 4. இரண்டாம் வண்டி ஒரே ஒரு முறைதான் கெடுகிறது, ஆனால் உதிரிபாகம் வர 15 நாள் ஆகிறது. நின்ற நாள் 15. 'கெடாத வண்டி' என்று ஊரார் புகழ்வது இரண்டாவதை. தவணை கட்டுகிறவனுக்கு உதவுவது முதலாவது.

இதைக் கேட்டதும் மருமகன் மடக்கினான். "மாமா, முதல் வண்டி அந்த நாலு தடவையும் ராத்திரி லோடோட ரோட்ல நின்னா? நாலு லோடு போச்சே!"

அவன் சொன்னது சரி. ஆகவே நாள் கணக்கு மட்டும் போதாது. கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். உயிருக்கு ஆபத்தானவை ஒரு வகை: பிரேக், ஸ்டியரிங், டயர், சக்கரப் பேரிங். இவற்றில் குறை சொல்லப்படும் வண்டியை விலை குறைவு என்பதற்காகத் தொடக்கூடாது. லோடோடு நடுவழியில் நிறுத்துபவை இரண்டாவது வகை: டீசல் பம்ப், இன்ஜெக்டர், ரேடியேட்டர், பெல்ட், மின்கோளாறு. முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருபவை மூன்றாவது: கிளட்ச் பிளேட் தேய்வு, ஸ்பிரிங் பிளேட் முறிவு, ஆயில் கசிவு. மூன்றாவது வகைக் கோளாறு அடிக்கடி வந்தாலும், காலையில் வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துப் பகலில் சரிசெய்துவிட்டால் ஒரு லோடும் போகாது.

பி.எஸ். 6 கொண்டுவந்த மாற்றம்

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் வண்டிகளுக்கு பி.எஸ். 6 புகை விதி. டீசல் பிக்கப்களில் கரிப்புகையைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் ஒன்று புகைக்குழாய்ப் பாதையில் இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக, வண்டி சிறிது நேரம் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடிப் புகை மிகவும் சூடாக வேண்டும். கோயம்பேடு போகும் வண்டியில் இது தானாக நடந்துவிடும். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும் பால் வண்டியில் நடக்காது. ஃபில்டர் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊரத் தொடங்கும். அப்புறம் உள்ளூர்ப் பட்டறையில் ஸ்பேனரால் தீர்க்க முடியாது, கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த இடத்துக்குப் போக வேண்டும். அடிக்கடி நின்று போகும் வேலைக்குப் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டி பொருந்துமா என்று பார்ப்பது நல்லது.

காமன் ரயில் இன்ஜெக்டர்களும் அப்படியே. ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில், மிக நுண்ணிய இடைவெளிகளில் டீசல் பாய்கிறது. கொல்லையில் பேரலில் வைத்த டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் போதும், பெரிய செலவு வந்து சேரும். அது கம்பெனியின் குற்றமல்ல. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரைக் குறித்த காலத்தில் வடித்துவிடுவது ஓட்டுபவர் கடமை.

பெயரும் புகழும்

"குட்டி யானை" என்று நம் மக்கள் அழைக்கும் டாடா ஏஸ் 2005இல் வந்தது, முக்கால் டன் வண்டி. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தது, ஒன்றேகால் டன். மகிந்திரா பொலேரோ பிக்கப் எல்லா ஊரிலும் கண்ணில் படுகிறது. அதிகம் விற்ற வண்டியைப் பற்றிக் குறையும் அதிகம் காதில் விழும். நூறு வண்டியில் பத்துப் பேர் குறை சொல்வதும் பத்து வண்டியில் மூன்று பேர் குறை சொல்வதும் ஒன்றல்ல, பின்னதே மோசம். பத்து எத்தனையில் பத்து என்று கேட்கப் பழக வேண்டும்.

புகழை மட்டும் நம்புவதற்கும் இல்லை. நம்பகத்துக்கு உலகெங்கும் பெயர் பெற்ற டொயோட்டா கம்பெனியே, அமெரிக்காவில் விற்ற டகோமா, டன்ட்ரா பிக்கப்களிலும் செக்வோயா வண்டியிலும் சேசிஸ் துருப்பிடித்த வழக்கில், 2016இல் சுமார் 340 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. என்ஜினில் குறையில்லை, அடியில் துரு. புலிக்காட்டு ஏரிப் பக்கம் மீன் ஏற்றுகிறவர்கள் என்ஜினைப் பார்க்குமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு மயக்கமும் அந்த ஊரில் உண்டு. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் நிலத்தில் அமைந்த ஸ்ரீசிட்டியில் இசுசு கம்பெனி 2016இல் ஆலை திறந்து பிக்கப் வண்டிகளைச் செய்கிறது. "பக்கத்திலேயே செய்யறாங்க, ஸ்பேருக்குக் கவலையே இல்லை" என்று ஊரில் ஒருவர் சொன்னாராம். எந்தக் கம்பெனியானாலும் ஆலை வாசலில் கிளட்ச் பிளேட் விற்பதில்லை. சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, நமக்கு வேண்டிய உதிரிபாகம் அங்கே இருப்பில் உண்டா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

நாமே செய்யும் கோளாறு

ரோலர் பேரிங்குக்கு ஒரு கணக்கு உண்டு. சுமை கால் பங்கு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு டன் வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றிவிட்டு "பேரிங் மட்டமான சரக்கு" என்று திட்டுவது நியாயமில்லை. ஸ்பிரிங் பிளேட், கிளட்ச், டயர் எல்லாமே அதிக சுமையால் சீக்கிரம் போகும், பிரேக்கும் பிடிக்காது.

அப்படியானால் பெரிய வண்டியாகவே வாங்கிவிடலாமா? மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவின்படி, சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. தாண்டினால் பர்மிட் வேண்டும், எல்லையோர ஊர்க்காரருக்கு அடுத்த மாநிலத்தில் ஓட்டும் அனுமதியும் வேண்டும். ஆகவே மாம்பழ சீசனின் உச்ச நாளை வைத்துக் கணக்குப் போடாமல், வழக்கமான லோடு எவ்வளவோ அதைத் தாங்கும் வண்டியை வாங்கி, உச்ச நாட்களில் இரண்டு நடை அடிப்பது நல்லது.

புதிதாக அறிமுகமான மாடலை முதல் ஆண்டிலேயே வாங்குவதையும் தவிர்க்கச் சொன்னேன். எந்த இயந்திரத்திலும் தொடக்கக் குறைகள் முதலில் வெளிப்படும். அவற்றைக் கம்பெனி சரிசெய்யும் வரை காத்திருப்பதில் நஷ்டமில்லை.

மருமகன் செய்தது

ஒரு நாற்பது பக்க நோட்டை அவனிடம் கொடுத்தேன். "எந்த டிரைவர்கிட்டயும் 'வண்டி நல்லா இருக்கா'ன்னு கேட்காதே. சொந்த வண்டியை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. கடைசியா எப்போ நின்னது, எங்கே நின்னது, லோடு இருந்ததா, எத்தனை நாள் ஆச்சு, ஸ்பேர் எங்கிருந்து வந்தது - இந்த அஞ்சையும் கேள். லட்சம் கிலோமீட்டர் தாண்டினவங்களா பார்த்துக் கேள்" என்றேன்.

ஒரு மாதம் ஊத்துக்கோட்டை வண்டி ஸ்டாண்டிலும், கோயம்பேட்டில் லோடு இறக்கும் இடத்திலும், ஊர் டீக்கடையிலும் கேட்டு எழுதினான். அவன் மனம் முதலில் ஆசைப்பட்ட வண்டிக்கு இழுவை அதிகம், உட்கார வசதி, கெடுவதும் குறைவு. ஆனால் கெட்டவர்கள் எல்லாரும் வண்டியைச் சென்னைக்கு இழுத்துப்போய்க் காத்திருந்தவர்கள். இன்னொரு வண்டிக்குக் கிளட்ச், ஸ்பிரிங் பிளேட் புகார்கள் நிறைய. பெரும்பாலும் ஊத்துக்கோட்டையிலேயே ஒரு நாளில் தீர்ந்தவை, லோடோடு நின்றது அபூர்வம். அவன் இரண்டாவதை வாங்கினான். அதன் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஊத்துக்கோட்டையில் பட்டறை உள்ள வண்டிக்கு உங்கள் ஊரில் பட்டறை இல்லாமலிருக்கலாம். அங்கே அவன் தள்ளிய வண்டியே உங்களுக்குச் சரியாக இருக்கும்.

ஆடி மாதம் தொலைபேசியில் பேசினான். ஆறு மாதத்தில் ஒரு நாள் கிளட்ச் வேலை, ஒரு நாள் மின் ஒயர் வேலை, இரண்டும் பகலில். ஒரு லோடும் போகவில்லை. ஆறு மாதம் பெரிய சாட்சியமல்ல என்று அவனிடம் சொன்னேன். தவணை முடிய இன்னும் நாலரை ஆண்டு இருக்கிறது. நோட்டை நிறுத்தாமல் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வண்டி வாங்கும்போது அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. முன்பணத்துக்கு அடகு வைத்த நகையில் ஒரு வளையலை மீட்டுவிட்டதாகத் தங்கையும் சொன்னாள்.