பிலாட்டீஸ்: சிறு குழுவாகக் கற்க வேண்டிய பயிற்சி

எதற்கான பயிற்சி?

பிலாட்டீஸ், முதுகெலும்பைத் தாங்கும் ஆழ்தசைகளை வலுவாக்கும் உடற்பயிற்சி முறை. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், முன்னும் பக்கங்களிலும் குறுக்கு வயிற்றுத் தசை, பின்னே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் ஆகிய நான்கும் சேர்ந்தே நடுவுடலை நிலைநிறுத்துகின்றன. இவை தளர்ந்தால் குனியும்போதும் நிமிரும்போதும் முதுகின் மேல் சுமை கூடுகிறது. மூச்சோடு இணைத்து, மெதுவாக, குறைந்த எண்ணிக்கையில், பிழையின்றிச் செய்வதே இப்பயிற்சியின் அடிப்படை.

தோற்றம்

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் உடனிருந்தோருக்குப் பயிற்சி கற்பித்தார். 1920களில் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் திறந்தார். காயமடைந்த நடனக் கலைஞர்கள் பலர் அவரிடம் வந்தனர். 1967இல் அவர் மறைந்தார். விரிப்பில் செய்வது, சுருள்வில் பொருத்திய ரிஃபார்மர் போன்ற கருவிகளில் செய்வது என இதில் இரு வகை உண்டு.

செட்டிநாட்டில் யாருக்குப் பயன்?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்வோர் தறியில் மணிக்கணக்கில் குனிந்து அமர்கின்றனர். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவை ஊற்றித் தரைக்கல் செய்வோரும், அடுப்படியில் நின்று சீப்புச் சீடையும் முறுக்கும் சுடும் பெண்களும், கடைக் கல்லாவில் நாள் முழுதும் இருப்போரும் ஒரே நிலையில் நெடுநேரம் உடலை வைத்திருப்பவர்களே. இவர்கள் அனைவருக்கும் நடுவுடல் வலு தேவை.

சிறு குழு ஏன்?

வெளிப்பார்வைக்குச் சரியாகத் தெரியும் அசைவிலும் தவறு ஒளிந்திருக்கலாம். கால் தூக்கும்போது இடுப்பு வளைவது, மூச்சை அடக்குவது, கழுத்தை இழுப்பது போன்றவை செய்பவருக்கே தெரியாது. நான்கைந்து பேர் உள்ள வகுப்பில் பயிற்றுநர் ஒவ்வொருவரையும் பார்த்துத் திருத்த முடியும். முழங்கால் வலி உள்ளவருக்கு மாற்று அசைவு சொல்லவும் முடியும். கட்டணம் தனி வகுப்பைவிடக் குறையும். உடன் வருவோர் இருப்பதால் பயிற்சி இடையில் நிற்காது.

விரிப்புப் பயிற்சிக்குப் பெரிய கருவி வேண்டாம். காற்றோட்டமான கூடம் போதும். ஆத்தங்குடித் தரை வழுவழுப்பானது என்பதால் வழுக்காத, தடித்த விரிப்பு அவசியம்.

ஆய்வுகள் சொல்வது

நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றி 2015இல் வெளியான, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்தது. மிகக் குறைந்த சிகிச்சை பெற்றோரைவிட பிலாட்டீஸ் செய்தோருக்கு வலியும் இயலாமையும் குறைந்தன. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. எனவே யோகாவோ நடையோ பழகியவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், குறைந்தது 2 நாள் தசை வலுப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. அந்த இரண்டாவது பங்கை பிலாட்டீஸ் நிரப்பலாம். நடை தொடரவே வேண்டும்.

எச்சரிக்கை

எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகைச் சுருட்டி உருளும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரிடம் கேட்ட பிறகே சேர வேண்டும். முதுகு வலியோடு கால் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் இருந்தால் வகுப்பை நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சேரும் முன்

பயிற்றுநர் பிலாட்டீஸில் முறையான சான்றிதழ் பெற்றவரா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், முதல் நாளில் உடல்நல விவரம் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி இயங்கும் ஊர் காரைக்குடி. அங்கு படித்து வெளிவரும் இளைஞர்கள் இப்பயிற்சியையும் முறையாகக் கற்று, வார்டுதோறும் சிறு குழுக்கள் தொடங்கினால் முதுகு வலியோடு உழைக்கும் பலருக்கும் அது கைகொடுக்கும்.