இன்ஜின் எங்கே அடிக்கிறது?

தைப் பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் செவ்வாய்க்கிழமை, நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாள் கோயில் முன்னால் நூற்றுக்கணக்கான பானைகள் ஒரே நேரத்தில் பொங்கும். அந்தச் செவ்வாய்ப் பொங்கலுக்காக நகரத்தார் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ ஊர் திரும்புகின்றன. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கின்றன. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் சிலவற்றின் ஷெட்டில் துணி போர்த்திய பழைய அம்பாசிடர் இன்னமும் நிற்பதுண்டு. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் எழுந்துவிடும். கூடவே ஒரு சத்தமும் எழும்.

"அண்ணே, இன்ஜின் அடிக்குது. இறக்கிப் பார்த்துடலாமா?"

இந்தக் கேள்விக்குச் சட்டென்று தலையாட்டிவிடக் கூடாது. இறக்கினால் செலவு ஆயிரக்கணக்கில். அதற்கு முன் காதைக் கொடுத்துக் கேட்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் கவனிக்க வேண்டியது, சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் முழுவதும் அடியிலுள்ள சம்ப்புக்கு இறங்கியிருக்கும். பேரிங்குகள் காய்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடத்து, ஆயில் மேலே ஏறியதும் அடங்கினால் பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடாகும்வரை மந்தமாகத் தட்டிவிட்டுப் பிறகு மறைந்தால், அது தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம். அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைவிட அதிகம் விரியும். சூட்டில் இடைவெளி குறைவதால்தான் சத்தம் மறைகிறது. அப்படியே இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிகள் உண்டு.

சூடான பிறகும் சத்தம் நிற்கவில்லையா? இனித் தாளத்தைக் கேட்க வேண்டும். ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கிராங்க் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே மேலிருந்து வரும் டாப்பட் சத்தம் நொடிக்கு ஆறேழு 'டிக்'. கீழே கனெக்டிங் ராடு பேரிங் அடித்தால் அது கிராங்க்கின் வேகத்தையே பிடித்துக்கொண்டு 'டொக் டொக்' என்று கனமாக ஒலிக்கும். மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் செய்யும் வேலைதான் அது. மேல் மூடியில் சத்தம் பலமா, சம்ப்பில் பலமா என்பது உடனே தெரிந்துவிடும். சில நேரம் குற்றவாளி வாட்டர் பம்ப்பாகவோ, தளர்ந்த ஃபேன் புல்லியாகவோ இருக்கும்.

டாப்பட் என்றால் வைத்தியம் எளிது. அம்பாசிடரின் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு அழகான ஒரு கணக்கு உண்டு: ஒன்பது. எட்டு வால்வுகளில் எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதன் டாப்பட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதன் இடைவெளியை. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. ஃபீலர் கேஜ் தகடு லேசாக உராய்ந்தபடி நுழைந்தால் இடைவெளி சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2000 பிப்ரவரியிலிருந்து இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். மூச்சில் கலந்த நஞ்சு ஒழிந்தது, மிக நல்ல காரியம். ஆனால் பழைய இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் கவசமாக இருந்தது. கடினமான சீட் ரிங் போடாத ஹெட்டில் வால்வு மெல்ல உள்ளே புதையும், டாப்பட் இடைவெளி குறையும், சத்தமும் குறையும். முன்பு டிக்கடித்த வண்டி தானாகவே அமைதியானால் சந்தோஷப்படக் கூடாது. இடைவெளி முற்றிலும் அடைபட்டால் வால்வு கருகிவிடும்.

மேட்டில் ஏறும்போதும், டாப் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் மட்டும் கோலிக்குண்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் கேட்டால் அது வேறு நோய். எந்த உதிரிப் பாகமும் மோதவில்லை. தீ பரவி முடிவதற்குள் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து, சிலிண்டருக்குள் அழுத்த அலைகளை எழுப்புகிறது. நொடிக்கு ஆறேழாயிரம் அதிர்வுகள்!

இந்தச் சத்தம் ஒரு காலத்தில் அறிவியலாளர்களையே திணறடித்தது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த பேட்டரி இக்னிஷன்மேல் பழி விழுந்தது. அவரிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பதிவுசெய்து, கோளாறு எரியும் முறையில்தான் என்று காட்டினார். 1921 டிசம்பரில் அவர் கண்டுபிடித்த மருந்துதான் பெட்ரோலில் கலந்த அந்த ஈயச் சேர்மம். உலகின் கடைசி ஈயப் பெட்ரோல் தீர 2021 வரை ஆனது.

அம்பாசிடரின் கம்ப்ரஷன் விகிதம் குறைவு. இன்றைய சாதாரணப் பெட்ரோலே அதற்குத் தாராளம். எனவே பெட்ரோல் பங்க்கைத் திட்டுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் டைமிங்கையும், ஹெட்டில் படிந்த கார்பனையும் பார்ப்பதே முறை.

கடைசியாக, எல்லோரும் அஞ்சும் பேரிங் அடி. பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே தலைமுடிப் பருமன்கூட இல்லாத இடைவெளியில் ஓர் ஆயில் படலம் இருக்கிறது. முழு ஆக்சிலேட்டரில் பிஸ்டன்மேல் விழும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையை அந்தப் படலம்தான் தாங்குகிறது. பேரிங் தேய்ந்தால் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் மோதும். சந்தேகத்தைத் தீர்க்கப் பழைய முறை ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே, நன்றாக உறையிட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். பழகிய கைதான் இதைச் செய்யலாம். ஷாக் பலமாக அடிக்கும். தீ இல்லாத சிலிண்டரில் பிஸ்டனை அழுத்த ஆளில்லை. எந்த வயரைக் கழற்றும்போது 'டொக்' தணிகிறதோ, அந்தச் சிலிண்டரின் ராடுதான் நோயாளி. எதைக் கழற்றினாலும் மாறாத சத்தம் பெரும்பாலும் டாப்பட்டுடையது.

சத்தம் கனமாகக் கேட்டு, ஆயில் பிரஷர் முள்ளும் இறங்கினால் அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கேயே இன்ஜினை நிறுத்திவிடுங்கள். சிவகங்கை பக்கம்தானே என்று ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். அப்போதே நிறுத்தினால் சேதம் பேரிங்கோடு போகலாம். ஓட்டிக்கொண்டே போனால் ராடு முறிந்து, இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும்.