குட்மேய்ஸில் ஒரு நாள் சமையல் பட்டியல்: பின்னால் இத்தனை அதிசயமா!

முருங்கைக்காய், மாம்பழம், அரிசி, சர்க்கரை, மீன், அப்பளம். ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் குட்மேய்ஸில் ஒரு தமிழ்க் குடும்பம் எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பும் பட்டியல் இது. மாலையில் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் நாள் முடிந்தது. சாதாரண நாள்தானே என்கிறீர்களா? அந்தப் பட்டியலில் ஒரு பொருள்கூடச் சாதாரணமாக வீடு வந்து சேர்வதில்லை! பையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மதுக்கடைக்கு இடமில்லை என்ற ஆள் கட்டிய தெருக்கள், தெரியுமா?

குட்மேய்ஸ் ரயில் நிலையம் திறந்தது 1901 பிப்ரவரி 8. அதற்குச் சற்று முன்புதான் ஆர்ச்சிபால்ட் கேமரன் கார்பெட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே வரிசை வரிசையாக வீடு கட்டத் தொடங்கியிருந்தார். எம்.பி.யாகவும் இருந்தவர். மதுவைத் தொடாதவர். தான் கட்டிய குடியிருப்புகளில் மதுக்கடையே வரக்கூடாது என்பதில் உறுதியாக நின்றவர்! அந்தத் தெருக்கள் இருக்கும் ரெட்பிரிட்ஜ் கவுன்சில் பகுதியில் 2021 கணக்கெடுப்பின்படி 47.3 சதவீதம் பேர் ஆசிய வம்சாவளியினர். அதே கணக்கெடுப்பில், இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் முதன்மை மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டெஸ்கோ பூட்டியிருக்கும்போது தமிழ்க் கடை திறந்திருப்பது எப்படி, தெரியுமா?

குட்மேய்ஸ் ஹை ரோட்டில் பிரம்மாண்டமான டெஸ்கோ பேரங்காடி இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் போய் நின்றால் எதுவும் வாங்க முடியாது. 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே, தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டுமே விற்கலாம். சின்னக் கடைக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது! இடியப்ப மா, ஒடியல் மா, மாசிக் கருவாடு என்று நெருக்கி அடுக்கிய கடை விடிந்ததும் திறக்கலாம், இரவு வரை விற்கலாம். இடம் சிறியதாக இருப்பதே அங்கே பலம்.

நீங்கள் தூங்கும்போது காய்கறிச் சந்தை விழிக்கிறது, தெரியுமா?

லண்டனின் பெரிய காய்கறி, பழ மொத்தச் சந்தை நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். 1682இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அளித்த உரிமையில் தொடங்கிய பழைய சந்தை, 1991இல் லெய்ட்டனுக்கு இடம்பெயர்ந்தது. குட்மேய்ஸிலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே வியாபாரம் சூடுபிடிப்பது நள்ளிரவில்! காலையில் நீங்கள் பொறுக்கி எடுக்கும் காய்க்காக யாரோ ஒருவர் இரவெல்லாம் கண் விழித்திருக்கிறார்.

மாம்பழத்துக்கும் பாகற்காய்க்கும் சேர்த்துத் தடை விழுந்தது, தெரியுமா?

2014 மே 1. ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குக் கதவைச் சாத்தியது. கூடவே கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு! காரணம், விரல் நுனி அளவுகூட இல்லாத பழ ஈக்கள். பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்ததால் லண்டன் கடைகளில் அந்த ஆண்டு அல்போன்சா மாம்பழத்துக்கு வழியில்லாமல் போனது. இந்தியாவில் ஏற்றுமதிச் சோதனை இறுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மாம்பழத் தடை நீங்கியது, அந்த வசந்த காலத்திலேயே பெட்டிகள் திரும்பி வந்தன!

அரிசியும் சர்க்கரையும் ஆற்று வழியே வருகின்றன, தெரியுமா?

பாஸ்மதிக்குப் பெயர்போன டில்டாவின் ஆலை எங்கே இருக்கிறது? இதோ பக்கத்தில், ரெயினமில், தேம்ஸ் கரையில்! உகாண்டாவிலிருந்து வந்த தக்ரார் குடும்பம் வளர்த்த நிறுவனம் அது. ஆலைக்கென்றே ஆற்றில் தனிப் படகுத்துறை உண்டு.

சர்க்கரைக்கு அதே ஆற்றில் மேற்கே போக வேண்டும். சில்வர்டவுனில் ஹென்ரி டேட் 1878இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை இன்றும் ஓடுகிறது. கரும்புச் சர்க்கரை கடல் கடந்து கப்பலில் வந்து ஆலை வாசலிலேயே இறங்குகிறது. கட்டிச் சர்க்கரையில் பணம் குவித்த அதே டேட்தான் 1897இல் திறந்த டேட் கலைக்கூடத்துக்குப் பணமும் ஓவியங்களும் கொடுத்தவர்! பக்கத்து ஆலையில் ஆப்ரம் லைல் 1883இல் காய்ச்சத் தொடங்கிய கோல்டன் சிரப்பின் தகர டப்பா, உலகிலேயே மிகப் பழைய மாறாத வணிக உறை என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

வயலில் பனிக்கட்டி விளைவித்து மீனைக் காப்பாற்றினார்கள், தெரியுமா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிசயம். குட்மேய்ஸுக்குத் தெற்கே இருக்கும் பார்க்கிங், இன்று கடை வீதிகளும் அடுக்குமாடிகளுமான ஊர். 1850 வாக்கில் அங்கே சுமார் 220 மீன்பிடிப் பாய்மரப் படகுகள் இருந்தன! ஹியூவிட் குடும்பத்தின் ஷார்ட் புளூ என்ற படகுக் கூட்டம் வட கடலில் வாரக்கணக்கில் நின்று மீன் பிடித்தது. பிடித்த மீன் கெடாமல் லண்டன் சேர வேண்டுமே! குளிர்காலத்தில் சுற்றியுள்ள வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். அது உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டி எடுத்து, கனத்த சுவர் கொண்ட பனிக்கிடங்கில் அடுக்கினார்கள். வேகப் படகுகள் அந்தப் பனிக்கட்டியோடு கடலுக்குப் போய், நடுக்கடலிலேயே மீனை வாங்கிப் பெட்டியில் அடைத்து, பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு விரைந்தன. குளிர்சாதனப் பெட்டி என்ற ஒன்றே இல்லாத காலம் அது! பிறகு ரயில் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களை எட்டியது. படகுகள் யார்மவுத் பக்கம் போய்விட்டன, பார்க்கிங்கின் மீன் தொழில் தேய்ந்தது.

பக்கத்து டேகனமும் சளைத்ததல்ல. வைட்பெய்ட் என்ற பொடி மீனை நம் நெத்திலி போல முழுசாக மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். பிரிட்டிஷ் அமைச்சர்கள் ஆண்டுதோறும் கூடிச் சாப்பிட்ட புகழ்பெற்ற வைட்பெய்ட் விருந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது டேகனம் கரையில்தான்! பிரதமர் பிட் அங்கே வந்து சாப்பிட்டார். பின்னர்தான் அது கிரீனிச்சுக்கு மாறியது.

பெட்டியில் கருவாடு வரலாம், பால்கோவா வரக்கூடாது, தெரியுமா?

ஊரிலிருந்து அம்மா வருகிறார். ஆசை ஆசையாக எதையெல்லாம் கட்டி எடுத்து வருவார்? இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது என்பது பிரிட்டன் விதி. நெய், பால்கோவா எல்லாம் சுங்கத்திலேயே நின்றுவிடும். மீனுக்கோ 20 கிலோ வரை அனுமதி! நெய்ப் புட்டியைவிடக் கருவாட்டுக்கு இடம் ஒதுக்குவதே லாபம்.

அப்பளம் என்பது என்ன என்று தீர்ப்பாயம் விசாரித்தது, தெரியுமா?

பிரிட்டனில் பெரும்பாலான மளிகைப் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. உருளைக்கிழங்கு வறுவலுக்கோ 20 சதவீதம். வாக்கர்ஸ் நிறுவனம் பாக்கெட்டில் விற்கும் தின்பண்ட அப்பளத்துக்கு வரி உண்டா, இல்லையா? நிறுவனம் இல்லை என்றது, வரித்துறை உண்டு என்றது. 2024இல் தீர்ப்பாயம் வரித்துறை பக்கம் சாய்ந்தது. அதில் உருளைக்கிழங்கு மாவும் மாச்சத்தும் கிட்டத்தட்ட 40 சதவீதம், பிரித்ததும் அப்படியே தின்னலாம், ஆகவே அது வறுவல் இனம்தான்! நாம் வாங்கிப் பொரிக்கும் உளுந்து அப்பளத்துக்கு அந்தக் கவலை இல்லை.

ரோல்ஸ் வாங்கினாலும் இதே கணக்கு. சூடாக்கி, சூடாகவே கொடுத்தால் 20 சதவீதம் வரி. ஆறியதைக் கட்டிக்கொண்டு போனால் வரி இல்லை. கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் ஆறியதற்கும் வரி!

வாசலில் ஒட்டிய எண் என்ன சொல்கிறது, தெரியுமா?

மாலை. குட்மேய்ஸில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் மேனர் பார்க். சர்ச் ரோட்டில் லண்டன் ஸ்ரீ முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஈஸ்ட் ஹாம் பக்கம் திரும்பினால் தோசைக் கல்லும் கொத்து ரொட்டித் தகடும் போட்டி போடுகின்றன. உள்ளே நுழையும் முன் கதவைப் பாருங்கள். 0 முதல் 5 வரை ஓர் எண் ஒட்டியிருக்கும். அது உணவுச் சுகாதாரத் தரமதிப்பு. 5 என்றால் மிக நன்று. வேல்ஸில் இதை ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை! ஒட்டாத கடையின் மதிப்பெண்ணை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

ஊருக்கே பீன்ஸ் விருந்து வைத்த மனிதர், தெரியுமா?

இதே ரெட்பிரிட்ஜின் வடக்கே ஃபேர்லாப். 18ஆம் நூற்றாண்டில், படகுக் கப்பி செய்யும் டேனியல் டே என்பவர் வாடகை வாங்க அங்கே போகும்போதெல்லாம், ஒரு மாபெரும் ஓக் மரத்தடியில் நண்பர்களுக்கு பீன்ஸும் பன்றி இறைச்சியும் பரிமாறினார். கூட்டம் பெருகிப் பெருகி, ஜூலை முதல் வெள்ளிக்கிழமை என்றால் பெரும் சந்தையே கூடியது! சக்கரம் பூட்டிய படகில், குதிரைகள் இழுக்க வந்து இறங்கினார்கள். அந்த மரத்தில் முறிந்து விழுந்த கிளையிலேயே தன் சவப்பெட்டியைச் செய்துவைத்தார் டே. 1767இல் இறந்தார், பார்க்கிங்கில் அடக்கமானார். 1820இல் சாய்ந்த அந்த மரத்திலிருந்து ஒரு தேவாலயத்துக்குப் பிரசங்க மேடை செய்தார்கள்.

பனிக்கட்டி வெட்டியவர்கள், கப்பலில் சர்க்கரை இறக்குபவர்கள், நள்ளிரவில் காய் ஏற்றுபவர்கள், விடிந்ததும் கடை திறப்பவர்கள் என்று லண்டனின் இந்தக் கிழக்கு ஓரம் தலைமுறை தலைமுறையாக நகரத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. அந்த வரிசையில் இன்று நம் தமிழ்க் கடைக்காரர்களும் நிற்கிறார்கள். அடுத்த முறை முருங்கைக்காயை எடுக்கும்போது, "அண்ணா, இது எங்கேயிருந்து வருது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதில் இல்லாத இன்னொரு அதிசயம் உங்களுக்குக் கிடைக்கலாம்!