நெய்தல் நிலப் புன்னை: நடுதலும் வளர்த்தலும்

முன்னுரை

நெய்தல் நிலத்து மரங்களுள் அடர்ந்த நிழலுக்குப் பெயர்பெற்றது புன்னை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் இதுவே. நற்றிணையின் 172ஆம் பாடலில், மகளிர் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதையை மறந்து செல்கின்றனர். அது முளைத்தபின் நெய்யும் பாலும் பெய்து வளர்க்கின்றனர். அம்மரம் தலைவிக்குத் தங்கை எனத் தாய் கூறியதால், அதன் நிழலில் தலைவனுடன் நகைத்துப் பேச நாணுவதாகத் தோழி உரைக்கிறாள். விதையை அழுத்தியது ஒருநாள் விளையாட்டு. மரத்தை உறவாக்கியது பின்னர் நிகழ்ந்த பேணல். இவ்வேறுபாட்டை முன்வைத்துப் புன்னை வளர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

விதையும் முளைப்பும்

புன்னைக்காயின் தோலுக்குள் கடினமான ஓடும், அதனுள் எண்ணெய்ச் செறிவுள்ள பருப்பும் உள்ளன. ஓட்டுடன் விதைத்தால் முளைக்க ஏறத்தாழ 8 வாரங்கள் ஆகலாம். பருப்பு சிதையாமல் ஓட்டை நீக்கி விதைத்தால் ஏறத்தாழ 3 வாரங்களில் முளை தோன்றும். பாடல் கூறும் மறதி இயல்பானதே என்பதை இந்த நீண்ட இடைவெளி உணர்த்துகிறது.

நடுதலும் பேணலும்

நீர் தேங்காத மணற்பாங்கான நிலம் புன்னைக்கு ஏற்றது. உப்புக் காற்றையும் அது தாங்கும். சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நட்டால், கோடைக்கு முன் வேர் ஊன்ற வாய்ப்புண்டு. முதிர்ந்த மரத்தின் தலைப்பகுதி அகன்று விரியும்; ஆதலின் சுவர், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து போதிய தொலைவு விடுதல் வேண்டும்.

புன்னை மெதுவாக வளர்வது. எனவே தொடக்க ஆண்டுகளில் களை அதனை எளிதில் மூடிவிடும். அடியில் களை நீக்கிச் சருகு பரப்புதல், ஆடுமாடு அணுகாமல் வேலியிடுதல், கோடையில் வேர்ப்பகுதி நனைய நீர் வார்த்தல் ஆகிய மூன்றும் இக்காலத்தில் இன்றியமையாதவை. நடைபாதையோரமாயின், கன்று வலுப்பெற்ற பின்னரே தாழ்கிளைகளைச் சிறிது சிறிதாகக் கழித்தல் நன்று.

முடிவுரை

மரம் நடுவிழாக்களில் நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிவிக்கப்படுகிறது. அடுத்த கோடையைக் கடந்தவை எத்தனை என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நற்றிணைப் பாடலில் புன்னை தங்கையானது நட்டமையால் அன்று. நாள்தோறும் பேணி வளர்த்தமையால் ஆகும். எனவே ஒரு கன்றை நடுமுன், அதற்குக் கோடையில் நீர் வார்ப்பவர் யார் என்பதை முடிவுசெய்தலே நிழல்மர வளர்ப்பின் முதற்பணி எனலாம்.