வைக்கோலை மடக்கி உழுதால் பயிர் ஏன் வெளிறுகிறது?

வைக்கோலை மடக்கி உழுத வயலில் உடனே நட்டால், நாற்று சில நேரம் மஞ்சளாகிவிடும். மண்ணுக்கு இரை போட்ட பிறகும் ஏன் இந்தப் பஞ்சம்?

வைக்கோலை மட்கச் செய்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவற்றின் உடலில் 1 பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, ஏறத்தாழ 8 பங்கு கார்பன் இருக்கும். தின்னும் கார்பனில் பெரும்பகுதியை அவை கரியமில வாயுவாக மூச்சில் விட்டுவிடுகின்றன. அதனால் இரையில் 1 பங்கு தழைச்சத்துக்கு 24 பங்கு கார்பன் வரை இருந்தாலும் சமாளிக்கும். வைக்கோலிலோ பெரும்பாலும் 60க்கும் மேல்! குறையும் தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. வேர் ஏமாந்து நிற்கிறது.

சில வாரங்களில் இரை தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். அவற்றைப் புரோட்டோசோவாக்களும் நூற்புழுக்களும் தின்ன, சிறைப்பட்ட சத்து அம்மோனியமாக விடுபடும். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டைப் பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழுவதும் இந்தப் பஞ்சத்தைத் தவிர்க்கத்தான்: அப்போது தழைச்சத்து மிகுதி, நார் குறைவு. அருமையான கணக்கு அது. வைக்கோலை எரித்தாலோ, அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது.