பசியும் புழுவும்: செம்மறியின் மேய்ச்சல் தேர்வு

நுழையும்முன்

புல்லைக் கண்டால் ஆடு மேயும் என்பது பொதுவான எண்ணம். மந்தையை உற்றுநோக்கினால், ஓர் ஆடு முகர்ந்துவிட்டு விலகிய புற்கொத்தை மற்றோர் ஆடு விரைந்து கடிப்பதைக் காணலாம். இவ்வேறுபாடு எதனால் விளைகிறது? ஆட்டின் பசியும் அதன் வயிற்றிலுள்ள ஒட்டுண்ணியும் மேய்ச்சலை எவ்வாறு வழிநடத்துகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கெடிலக்கரையின் மேய்ச்சல் நிலம்

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர் என்னும் பெருமை இதற்கு உண்டு. இப்பகுதியில் நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கு இடையே, அறுவடை முடிந்த தாள் நிலமும் ஏரிக்கரையும் புறம்போக்குமே செம்மறிகளுக்கு மேய்ச்சல் தரைகளாகும். கோடையில் காய்ந்து கிடக்கும் இந்நிலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் பசுமை பெறுகிறது. அம்மழை புல்லை மட்டும் எழுப்புவதில்லை. புல்லோடு புழுவையும் எழுப்புகிறது.

புழு ஏறும் வழி

செம்மறியின் நான்காம் இரைப்பையில் தங்கிக் குருதியை உறிஞ்சும் உருளைப்புழுக்களுள் கொடியது ‘ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ்’. பெண்புழுவின் உடலில் குருதி நிறைந்த செந்நிறக் குடலும் வெண்ணிறக் கருப்பையும் முறுக்கிய கயிறுபோல் பின்னிக் கிடக்கும். அதன் முட்டைகள் ஆட்டுப் புழுக்கையுடன் நிலத்தை அடைகின்றன. வெப்பமும் ஈரமும் அமைந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை நோயுண்டாக்கும் இளம்புழுக்களாக வளர்ந்துவிடும். இலையின்மேல் படர்ந்த பனியையோ மழைநீரையோ பற்றி அவை புல்லின்மீது ஏறுகின்றன. பெரும்பாலானவை தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்திற்குள்ளேயே தங்குகின்றன. அப்புல்லைத் தின்னும் ஆட்டின் வயிற்றில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் முதிர்ந்து, மீண்டும் முட்டையிடத் தொடங்குகின்றன.

தெரிந்து தெளிவோம்

ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடக்கூடும். ஒரு புழுவால் ஆடு நாள்தோறும் இழக்கும் குருதி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். ஆயிரம் புழுக்கள் இருப்பின், இழப்பு 50 மில்லிலிட்டராகும்.

முகர்ந்து விலகும் அறிவு

கண்ணுக்குப் புலப்படாத இளம்புழுவை ஆடு காண இயலாது. எனினும் புழுக்கையின் மணத்தை அறிந்து, அதனருகிலுள்ள புல்லைத் தவிர்க்க முயல்கிறது. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. புழுக்கையின் உரத்தால் அவ்விடத்துப் புல் செழித்து வளரும். பிற ஆடுகள் தீண்டாமையால் உயர்ந்தும் நிற்கும். ஆக, சத்து மிகுந்த புல்லே புழு மிகுந்த புல்லாகவும் அமைந்துவிடுகிறது. ஒவ்வொரு கடியிலும் ஆடு இவ்விரண்டையும் சீர்தூக்க வேண்டியுள்ளது.

இச்சீர்தூக்கலை எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து வேளாண் கல்லூரியைச் சேர்ந்த மைக் ஹட்சிங்ஸ், இலியாஸ் கிரியாசாகிஸ் முதலிய ஆய்வாளர்கள் 1990களில் ஆராய்ந்தனர். புழுக்கை கலந்த புல்லையும் கலவாத புல்லையும் செம்மறிகளின் முன்வைத்து, அவை எதனை மேய்கின்றன என நோக்கினர். ஒட்டுண்ணி தாக்கிய ஆடுகள் புழுக்கை கலந்த புல்லைப் பிறவற்றினும் மிகுதியாக ஒதுக்கின. புழுவை எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருந்த ஆடுகளிடம் அவ்விலக்கம் குறைவாகக் காணப்பட்டது. பசி மிகுந்த ஆடுகளும் அதனைக் குறைவாகவே ஒதுக்கின. ஆட்டின் தேர்வு அதன் உடல்நிலைக்கேற்ப மாறுகிறது என்பது இதனால் தெளிவாகிறது.

பசியின் கட்டாயம்

புழு தாக்கிய ஆட்டிற்கு, இழந்த குருதியை ஈடுசெய்யப் புரதம் மிகுதியாகத் தேவை. ஆனால் அந்நோயே அதன் உண்ணும் வேட்கையைக் குறைக்கிறது. எதிர்ப்பாற்றல் முழுமையடையாத குட்டிகளும், ஈனும் காலத்தில் எதிர்ப்பாற்றல் தளர்ந்த தாயாடுகளும் இதனால் பெரிதும் நலிவுறுகின்றன.

கோடை வெயிலும் வறட்சியும் புல்மீதுள்ள இளம்புழுக்களை மாய்க்கின்றன. எனினும் புழுக்கைக்குள் ஒடுங்கியிருந்தவை மழை பெய்ததும் வெளிவருவதுண்டு. கோடையில் மெலிந்த ஆடுகள் அப்போது முளைத்த குறும்புல்லை வேரோடு ஒட்டக் கறும்புகின்றன. பசியும் புழுவும் சந்திக்கும் காலம் அதுவே. மேய்ச்சல் தரை சுருங்கி, ஒரே இடத்தில் பல மந்தைகள் திரும்பத் திரும்ப மேயும்போது ஒதுக்குவதற்கு வேறு புல்லே இல்லாமற் போகிறது. தெரிவு செய்யும் அறிவு ஆட்டிடம் இருப்பினும், அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பு அதற்குக் கிட்டுவதில்லை.

மேய்ப்பர் செய்யத்தக்கவை

அவ்வாய்ப்பை ஆட்டிற்கு மீட்டுத் தருவதே நல்ல மேய்ப்பு முறையாகும். காலையில் நிலக்கடலைக் கொடி போன்ற உலர்தீவனத்தைச் சிறிதளவு அளித்துவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டினால், பசியின் வேகம் தணியும். பனி காய்ந்தபின் மேய்ப்பதும், மிகக் குட்டையான புல்லைத் தவிர்ப்பதும், மேய்ச்சல் இடத்தை மாற்றுவதும் உட்கொள்ளும் புழுக்களைக் குறைக்கும். தமிழக உழவர்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் கிடை மறித்தலும் இவ்வகையில் நன்மை தருவதே. நாள்தோறும் கிடை இடம் மாறுகிறது; புழுக்கை மண்ணோடு சேர்த்து உழப்படுகிறது. நிலம் உரம் பெறுவதுடன், இளம்புழு புல்லேறும் வழியும் பெரிதும் தடைப்படுகிறது.

கீழ் இமையை விலக்கி நோக்கினால், அதன் உட்புறம் வெளுத்திருப்பது குருதிச்சோகையை உணர்த்தும். தாடையின் கீழே நீர்கோத்து வீங்குவதும் நோய் முற்றியதன் அறிகுறியாகும். அத்தகைய ஆடுகளுக்குக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி குடற்புழு நீக்க மருந்து அளித்தல் வேண்டும். ஒரே மருந்தைத் தேவையின்றி மந்தை முழுமைக்கும் அடிக்கடி கொடுத்தால், அம்மருந்துக்கு அடங்காத புழுக்களே எஞ்சிப் பெருகும். அதன்பின் உண்மையில் நோயுற்ற ஆட்டிற்கும் அம்மருந்து பயன்படாது.

மருந்தின் தேவை பெரும்பாலும் மேய்ச்சல் தரையிலேயே தொடங்குகிறது. வயிறு ஓரளவு நிறைந்த ஆடு புல்லை முகர்ந்து விலகும். பட்டினி கிடந்த ஆட்டிற்கு விலகும் உரிமை இல்லை. ஆகவே தீவனம் அளித்துப் பசி தணிப்பதும் புழுவைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகும்.