மழலை வகுப்பும் வீட்டுக் கணக்கும்

ஜூன் மாதம் பிறந்தால் நம் அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் ஒரு சிறு பிள்ளை முதன்முறையாகப் பள்ளிக்குப் புறப்படுகிறது. பிள்ளை அழுவதும் தாய் வாசலிலேயே நிற்பதும் சில நாட்களில் அடங்கிவிடும். செலவு அவ்வாறு அடங்குவதில்லை. நெசவாளர்க்குப் போனஸ் தீபாவளிக்குத்தான். டெல்டா விவசாயிக்கோ மேட்டூர் நீரை எதிர்பார்த்துக் குறுவை விதைக்கும் உழவுக்கும் கைப்பணம் கரையும் வேளை. கட்டணமும் சீருடையும் காலணியும் அப்பொழுதே வந்து நிற்கின்றன. கைக்கடன் இங்கேதான் பிறக்கிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினர்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோர்க்கும் ஒதுக்கல் வேண்டும். எல்.கே.ஜி. நடத்தும் பள்ளியாயின் அவ்வகுப்பிலேயே இவ்விதி தொடங்கும். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் உண்டு. ஆனால் பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று அலையும் நாட்களில் தறி நிற்கிறது; அந்தக் கூலியை ஈடு செய்வார் இல்லை. இடம் கிடைத்த பின்னரும் வேன், புத்தகம், விழா என்று சில பள்ளிகள் பணம் கேட்கின்றன. எது கேட்டாலும் ரசீது கேட்டு வாங்குதல் நலம்.

மற்றொரு வழியும் உண்டு. 2019-இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. கட்டணம் இல்லை. இதனை ஏதும் இல்லாதவர் பள்ளியென்று நம்மவர் சிலர் ஒதுக்குவது நமக்கு உடன்பாடன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ரோமாபுரியின் சான் லொரென்சோவில், கூலித் தொழிலாளர் குடியிருப்பில்தான். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் சுவரைக் கெடுக்கின்றனர் என்பது கட்டட உரிமையாளரின் கவலை! அவ்வம்மையார் 1939-இல் அடையாற்றுக்கும் வந்தார். இன்று அப்பெயர் உயர்ந்த கட்டணப் பலகைகளில் மின்னுவது விந்தையே.

பணத்தினும் பெரிய இடர் மொழி. பாவு, தார், நாடா என்று நூறு சொற்களோடு செல்லும் பிள்ளை, ஆங்கில வகுப்பில் ஊமைபோல் அமர்கிறது. தார்களை எண்ணிப் பழகிய பிள்ளைக்கு எண்ணிக்கை தெரியும். அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. வீட்டுப்பாட நோட்டைப் படிக்க இயலாத தாய் ஆசிரியையை அணுகவும் கூசுகிறாள். பிள்ளைக்கு எது தெரியும் என்பதைத் தமிழிலேயே ஆசிரியையிடம் சொல்லலாம். அதற்கு முதல் வாரமே தக்க சமயம்; பெற்றோர் கூட்டம் வரை காத்திருக்க வேண்டுவதில்லை.